6.2 சி.ஜி.பி.ஏ-வுக்கு என்ன விலை? மார்க் கம்மியா எடுத்துட்டு வெளிநாட்டுக்கு அப்ளை பண்றவங்க போட வேண்டிய கணக்கு

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வருவதற்கு தினமும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வர்றாங்க. நவபாஷாணம். கல்யாணம் தள்ளிப் போகுது, கடன் தீரலை, கேஸ் இழுத்துக்கிட்டே இருக்குன்னு ஆளுக்கொரு வேண்டுதல். இப்போ அந்த வரிசையில் ‘பையனுக்கு விசா கிடைக்கணும்’கிறதும் சேர்ந்திருந்தா ஆச்சர்யமே இல்லை.

வெளிநாடு இந்தக் கடற்கரைக்குப் புதுசு கிடையாது. ‘சபர்’ போறதுன்னு ஒரு சொல்லே இங்கே இருக்கு. போனவர் சபராளி. மலேசியா, சிங்கப்பூர், அப்புறம் சவுதி, துபாய்னு தலைமுறை தலைமுறையா போயிட்டு வந்த ஊர்கள் இவை. அப்போ யாரும் மார்க்‌ஷீட் கேட்கலை. பாஸ்போர்ட் இருக்கணும், அந்தப் பக்கம் ஒரு மச்சானோ மாமாவோ இருக்கணும், அவ்வளவுதான். பத்தாவது ஃபெயிலானவர்கூட போய் நின்னு, தங்கச்சி கல்யாணத்தை முடிச்சு, ஊரில் மாடி வீடு கட்டினார்.

அவர் மகன் இப்போ ‘படிக்க’ப் போகணும்கிறான். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்குது. முதல் கேள்வியே மார்க்தான்.

ஒரு பையன்னு வெச்சுக்குவோம். பேர் வேண்டாம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். முதல் வருஷம் மேத்ஸும் இங்கிலீஷும் சேர்ந்து அடிச்சதில் அஞ்சு அரியர். ஒவ்வொண்ணா கிளியர் பண்ணி, கடைசியில் 6.2 சி.ஜி.பி.ஏ-வோட வெளியே வந்தான். இப்படி ஒருத்தர் உங்க வகுப்பில் இருந்திருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

அவன் ஏதாவது ஒரு கன்சல்டன்சி வாசலில் போய் நின்னா காதில் விழப்போற முதல் வசனம், ‘மார்க்லாம் ஒரு மேட்டரே இல்ல தம்பி.’

இது பொய் இல்லை. அதனாலதான் ஆபத்து. 6.2 வெச்சுக்கிட்டு வெளிநாட்டில் சீட் வாங்க முடியும். ஆனா குறையுற ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு விலை இருக்கு. அதைக் காசாகவும் கட்டலாம், காலமாகவும் கட்டலாம். கன்சல்டன்சி சொல்ற வழி எப்பவும் காசு வழி. தேவிபட்டினம் மாதிரி ஒரு ஊர்க் குடும்பத்துக்குத் தாங்கக்கூடியது பெரும்பாலும் இன்னொரு வழி.

ஃப்ரீ கவுன்சலிங் ஏன் ஃப்ரீ?

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. விதிவிலக்கு உண்டு. பாடன்-வூட்டம்பர்க் மாநிலத்தில் 2017-லிருந்து வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து வாங்குது. மத்த இடங்களில் செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகச் செலவு மட்டும். ஆனா மார்க் பார்ப்பாங்க, கறாரா.

இங்கிலாந்தில் நடுத்தரமான ஒரு பல்கலைக்கழகம் மார்க் விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு வருஷ எம்.எஸ்ஸி-க்கு 15,000 பவுண்டு ஃபீஸ்னு வைங்க. நம்ம காசுக்கு 17 லட்சத்துக்கு மேல. லண்டனுக்கு வெளியே தங்கினாலும் மாசம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாசச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்னாடியே வங்கியில் காட்டணும். அது ஒரு 12 லட்சம். ஆக 30 லட்சம்.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மார்க் உள்ளவனுக்கு ஃபீஸ் இல்லை. மார்க் இல்லாதவனுக்கு 17 லட்சம். உதவித்தொகையிலும் இதே கதைதான். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேணும், பல்கலைக்கழகமும் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கணும். எந்தப் பையனுக்குக் காசு ரொம்பத் தேவையோ, அவன்கிட்டதான் மார்க்கும் இருக்காது. அது வேற விஷயம், இங்கே அழுது பிரயோஜனம் இல்லை.

இப்போ கன்சல்டன்சிக்கு வருவோம். உங்ககிட்ட ஒரு ரூபாய்கூட வாங்காம அவங்க எப்படி ஏ.சி ரூம் போட்டு உட்கார்ந்திருக்காங்க? நீங்க சேர்ற பல்கலைக்கழகம் முதல் வருஷ ஃபீஸிலிருந்து ஒரு பங்கைக் கமிஷனா அவங்களுக்குத் தருது. அதில் சட்டத்துக்குப் புறம்பா எதுவும் இல்லை. ஆனா ஃபீஸே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் யாருக்குக் கமிஷன் தரும்? அதனால அந்தப் பெயர்கள் அந்த மேஜைக்கு வர்றதே அபூர்வம். 6.2-க்கு ‘இதுதான் செட் ஆகும்’னு சொல்ற லிஸ்ட், உங்க மார்க்கை வெச்சு மட்டும் போட்ட லிஸ்ட் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஊரிலிருந்து வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் 1983 குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பண்ணியிருக்கணும், லைசென்ஸ் எண்ணைச் சரிபார்க்கலாம். அந்தச் சட்டம் வேலைக்குப் போறவங்களுக்கானது. படிக்கப் போறவங்களை அனுப்புற கன்சல்டன்சி அதுக்குள்ள வராது. சபராளி அத்தாவுக்கு இருந்த அந்தச் சின்னப் பாதுகாப்புகூட மாணவ மகனுக்கு இல்லை.

கதவு மூடுறது எந்தப் பக்கம்?

காசைக் கட்டிட்டாவது போயிடலாமேன்னு தோணும். மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா சரி. இப்போ நிலைமை வேற.

2024-ல் வெளிநாடுகளில் படிச்ச இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் மார்க் கம்மியா இருந்தவங்களை அதிகமா உள்ளே விட்டது கனடாவின் தனியார் கல்லூரிகளும் இங்கிலாந்தின் கடைசி வரிசைப் பல்கலைக்கழகங்களும்தான். அரசாங்கங்கள் இப்போ கை வைக்கிறதும் சரியா அங்கேதான். கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. வேகமா விசா கொடுத்த எஸ்.டி.எஸ் முறையை அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி இழுத்து மூடியது. 2025 ஆகஸ்ட்டில் கனடாவுக்குப் படிக்க விண்ணப்பிச்ச இந்தியர்களில் நாலில் மூணு பேருக்கு நிராகரிப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி இது மூணில் ஒருத்தருக்குத்தான் நடந்தது. ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600, அப்புறம் 2,000 டாலர்னு ஒரே வருஷத்தில் ஏத்திடுச்சு. விசா மறுக்கப்பட்டா அந்தப் பணம் போனதுதான்.

இங்கிலாந்து செய்தது இன்னும் நுணுக்கம். ஒரு பல்கலைக்கழகம் சேர்த்துக்கிட்ட மாணவர்களில் இத்தனை சதவீதத்துக்கு மேல் விசா நிராகரிப்பு வந்தா, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிற உரிமமே போயிடும்னு அங்கே விதி. அந்த அளவு 10 சதவீதமா இருந்தது. அதை 5 ஆக்கப் போறதா 2025 மே மாசத்து வெள்ளை அறிக்கையில் அரசு சொல்லிடுச்சு. அதனால இப்போ பல்கலைக்கழகமே பயப்படுது. விசா ஆபீஸருக்கு முன்னாடி அவங்களே வீடியோ காலில் இன்டர்வியூ வைக்கிறாங்க. ‘இந்தக் கோர்ஸ் ஏன், இந்த ஊர் ஏன், பணம் யாருடையது’ன்னு துருவுறாங்க. அரியர் ஹிஸ்டரி இருக்கிற, எஸ்.ஓ.பி-யை யாரோ எழுதிக் கொடுத்த பையன் முதல் அஞ்சு நிமிஷத்தில் மாட்டிக்குவான்.

சரி, தப்பிச்சுப் போயாச்சு, படிச்சாச்சு. படிப்பு முடிஞ்சு வேலை தேடத் தர்ற கிராஜுவேட் விசா ரெண்டு வருஷம். 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிற முதுகலை மாணவர்களுக்கு 18 மாசம்தான். 30 லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்குப் போட்டா மாசத் தவணை சுமார் 41,000 ரூபாய். 18 மாசத்தில் நல்ல வேலை கிடைக்காம ஊர் திரும்பினா, ராமநாதபுரத்தில் அந்த 41,000-ஐ எந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவீங்க? வங்கியில் அடமானமா இருக்கிறது அம்மா வளையலும் அத்தா கட்டின அந்த மாடி வீடும்.

இதுதான் காசு வழி.

ஃபார்முலாவை நீங்களே போடுங்க

காலத்தால் கட்டுற வழிக்கு முதல் படி, உங்க மார்க் உண்மையிலேயே எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்கிறது. இதை யாருமே செய்றதில்லை. நம்ம ஊரில் ‘ஆறு பாயின்ட்டா?’ன்னு சொந்தக்காரர் உதட்டைப் பிதுக்கினதை வெச்சே முடிவு பண்ணிடுறோம்.

ஜெர்மனியில் ‘பவேரியன் ஃபார்முலா’ன்னு ஒண்ணு இருக்கு. அங்கே 1 தான் பெஸ்ட், 4 பாஸ். நம்ம ஊர் மார்க்கைத் தலைகீழா மாத்தணும். அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்க மதிப்பைக் கழிங்க. அதை, அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்ச பாஸ் மதிப்பைக் கழிச்சு வர்ற எண்ணால் வகுங்க. மூணால் பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க.

நம்ம பையனுக்குப் போடலாம். அதிகபட்சம் 10, அவன் 6.2, பாஸ் 5. கழிச்சா 3.8. கீழே 5. வகுத்து, மூணால் பெருக்கி, ஒண்ணு கூட்டினா 3.28. நிறைய முதுகலைப் படிப்புகள் 2.5 கேட்கும். அதுக்கு 7.5 சி.ஜி.பி.ஏ வேணும். ஆக, அந்தப் படிப்புகள் இவனுக்கு இல்லை. ஆனா 3.0, 3.5 வரைக்கும் ஏத்துக்கிற படிப்புகளும் இருக்கு. தகுதி இருந்தாலே சீட், போட்டித் தரவரிசை கிடையாதுங்கிற வகைப் படிப்புகளும் இருக்கு. ‘ஹோக்‌ஷூல’ன்னு சொல்ற செயல்முறைக் கல்வி சார்ந்த பல்கலைக்கழகங்களில் கொஞ்சம் பொறுமையா தேடணும். டி.ஏ.ஏ.டி-யின் தளத்தில் ஆங்கில வழிப் படிப்புகளைத் தனியா வடிகட்டிப் பார்க்கலாம். ராத்திரி ரீல்ஸ் பார்க்கிற நேரம் போதும்.

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கீழே இருக்கிற அந்த ‘குறைந்தபட்ச பாஸ்’ எண். அது 5 இல்லாம 6-ன்னு எடுத்துக்கிட்டா அதே பையனுக்கு 3.85 வரும். ஒரே மார்க், ரெண்டு விதி. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 விதிமுறையில் படிச்சவங்களுக்குக் கடைசி பாஸ் கிரேடு ‘பி’, அதாவது 6. 2021 விதிமுறையில் ‘சி’ன்னு 5 வந்துடுச்சு. உங்க டிரான்ஸ்கிரிப்ட் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன அச்சாகியிருக்குன்னு முதலில் பாருங்க. அது தெளிவா இல்லைன்னா காலேஜில் கேட்டு எழுத்துபூர்வமா வாங்கி வெச்சுக்குங்க. கடைசிக் கணக்கைப் போடுறது பல்கலைக்கழகமோ, அவங்க சார்பில் விண்ணப்பம் வாங்குற யூனி-அசிஸ்ட் அமைப்போதான். நீங்க போடுறது ஒத்திகை.

செலவு? 2022 நவம்பர் 1-லிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ்கள் அசல்தானான்னு டெல்லியில் சரிபார்த்துத் தர்றது. 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட்டுக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தது ஒவ்வொண்ணுக்கும் 30. பெரிய தொகைன்னா, பிளாக்டு அக்கவுன்ட்டில் கட்ட வேண்டிய 11,904 யூரோ. ஏறக்குறைய 12 லட்சம். ஆனா அது ஃபீஸ் இல்லை. உங்க சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாசம் 992 யூரோவா உங்களுக்கே திரும்ப வர்றது. 12 லட்சமும் சின்னக் காசு இல்லைதான். 30-க்கும் 12-க்கும் நடுவில் ஒரு வீட்டுப் பத்திரம் இருக்கு, அவ்வளவுதான் சொல்றேன்.

இன்னொரு கால வழி, பாஸான பேப்பரைத் திரும்ப எழுதி மார்க்கை ஏத்த பெரும்பாலும் வழியில்லைங்கிறதால, அந்த மார்க்குக்கு மேல புதுசா ஏதாவது ஒண்ணைக் கட்டுறது. ரெண்டு வருஷம் துறை சார்ந்த வேலை. அல்லது காரைக்குடி அழகப்பா மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் இங்கேயே ஒரு முதுகலை, இந்தத் தடவை எட்டுக்கு மேல. சில படிப்புகளுக்கு ஜி.ஆர்.இ அல்லது கேட் மதிப்பெண். 19 வயசுல ஆங்கிலத்தில் தடுமாறின பையனையும் 24 வயசுல வேலை பார்த்துட்டு வந்தவனையும் தேர்வுக் குழு ஒரே ஆளா பார்க்காது. ‘ரெண்டு வருஷம் வீணாப் போகுதே’ன்னு வீட்டில் சொல்வாங்க. கடன் தவணை பத்து வருஷம் ஓடுறதை யாரும் வீண்னு சொல்றதில்லை. விசித்திரம்தான்.

அரியரைப் பத்தி எஸ்.ஓ.பி-யில் எழுதலாமா வேண்டாமான்னு ஒரு பெரிய குழப்பம் உண்டு. எழுதுங்க. நாலு வரி. தமிழ் மீடியத்திலிருந்து வந்தேன், முதல் வருஷம் தடுமாறினேன், இந்தந்த பேப்பர் போச்சு, இந்த செமஸ்டரிலிருந்து ஒரு அரியரும் இல்லை, கடைசி வருஷ மார்க் இது. அவ்வளவு போதும். அவங்க கையில் உங்க டிரான்ஸ்கிரிப்ட் இருக்கு, மறைக்க அங்கே எதுவும் இல்லை. கஷ்டக் கதையை ரெண்டு பக்கம் நீட்டினாலும் எடுபடாது. செமஸ்டருக்கு செமஸ்டர் மார்க் ஏறியிருந்தா அதைச் சொல்லுங்க, மொத்த சி.ஜி.பி.ஏ-வில் தெரியாத விஷயம் அது.

‘சின்னதா ஒரு அட்ஜஸ்ட்மென்ட்’

மார்க் குறைவா இருக்கிறவங்களை நோக்கித்தான் இந்த வார்த்தை வரும். வேலையே பார்க்காத கம்பெனியில் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். ஒரு மாசத்துக்கு மட்டும் அக்கவுன்ட்டில் காட்டுற அடுத்தவர் பணம். திருத்தின மார்க்‌ஷீட். ‘எல்லாரும் பண்றதுதான் தம்பி.’

பிடிபட்டா என்னன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. கனடாவில் அஞ்சு வருஷத் தடை. இங்கிலாந்தில் பத்து வருஷம். ஆஸ்திரேலியாவில் பொதுவா மூணு வருஷம். அமெரிக்காவில் விதிவிலக்கு கிடைச்சாலொழிய வாழ்நாள் முழுக்க. 6.2-ஐ வெச்சுக்கிட்டு அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணலாம். இந்தத் தடையை வெச்சுக்கிட்டு முடியாது.

நீங்க பொய் சொல்லாமலேயே மாட்டவும் வாய்ப்பிருக்கு. 2023-ல் கனடாவில் படிப்பையே முடிச்ச பஞ்சாப் மாணவர்கள் நூற்றுக்கணக்கானவங்களுக்கு நாடு கடத்தல் சிக்கல் வந்தது, ஞாபகம் இருக்கா? வருஷக்கணக்கா முன்னாடி ஏஜென்ட் கொடுத்த அட்மிஷன் லெட்டர் போலி. கையெழுத்து போட்டது மாணவர்தானே? அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஃபார்மிங்டன் பல்கலைக்கழகக் கதை இன்னும் மோசம். மிச்சிகனில் அரசு அதிகாரிகளே விரிச்ச வலை அது. வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது. அதில் சேர்ந்த சுமார் 600 பேரில் பெரும்பாலானவங்க இந்தியர்கள். அதனால ஆஃபர் லெட்டர் வந்ததும், ஏஜென்ட் கொடுத்த நம்பருக்கு இல்லாம, பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிற முகவரிக்கு நீங்களே ஒரு மெயில் போட்டு உறுதி பண்ணுங்க. ஃபீஸையும் ஏஜென்ட் அக்கவுன்ட்டில் கட்டாதீங்க.

மருத்துவம் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா வீட்டில் அதையும் கேட்பாங்க. நீட்டில் தகுதி மதிப்பெண் மட்டும் எடுத்துட்டு வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் சேரலாம். அங்கேயும் மார்க்குக்கான விலை தள்ளிப் போடப்படுது, தள்ளுபடி ஆகலை. திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய எஃப்.எம்.ஜி.இ தேர்வில் 2025 ஜூனில் பாஸானவங்க 18.6 சதவீதம்.

உதவித்தொகைக்கு வருவோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கு. வெளிநாட்டில் முதுகலை படிக்கிற இஸ்லாமிய மாணவர்கள் 10 பேருக்கு தலா 36 லட்சம் ரூபாய்னு 2025-ல் ஒரு திட்டமும் வந்திருக்கு. மாநிலம் முழுக்கப் பத்தே பேர்தான், ஆனா அப்ளை பண்ணாம விடுறதுக்கு அது காரணம் இல்லை. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் அந்தந்த நலத்துறை அலுவலகத்தில் இந்த வருஷ நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்க. மார்க் வரம்பு என்னங்கிறதை முதல் கேள்வியா கேளுங்க.

ஜெர்மனிதான் உங்க முடிவுன்னா, அக்டோபரில் தொடங்குற செமஸ்டருக்குப் பல இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. சிலது மார்ச்சிலேயே மூடிடும். ஏ.பி.எஸ் வர வாரக்கணக்கில் ஆகும், சீசனில் மாசக்கணக்கிலும் இழுக்கும். அரியர் கிளியர் ஆன மார்க்‌ஷீட்கள் எல்லாம் கையில் இருக்கான்னு இன்னிக்கே பீரோவைத் திறந்து பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் அதுக்கு ஒரு மாசம் பல்கலைக்கழகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.